இரண்டு வயதுப் பிள்ளையும் மூன்று மொழிகளும்: அம்மாயியின் பேச்சை நிறுத்த வேண்டுமா?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகனுக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும். முப்பது சொல் வரை பேசுகிறான். அதில் தமிழ் உண்டு, பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளிடம் பிடித்த சொற்களும் உண்டு, போனில் கேட்ட ஆங்கிலமும் உண்டு. தகப்பன் கொழும்பில் கடையில் வேலை. தாய் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா வகுப்புக்குப் போகும் நாட்களில் அம்மாயிதான், அதாவது தாயின் அம்மாதான், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த வருடம் சேர்க்கப்போகும் முன்பள்ளியில் உள்ள மிஸ், "மூன்று பாஷையும் பேசிக் குழப்பாதீங்க, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, பாட்டியோட தோட்டத் தமிழ் பழகினா ஸ்கூலில் கஷ்டம்" என்று சொல்லிவிட்டாராம். டிப்ளோமா பாடக்குறிப்பில் வரும் பியாஜே, வைகொட்ஸ்கி, சொம்ஸ்கி போன்ற பிள்ளை வளர்ச்சி, மொழி அறிஞர்கள் எல்லாம் இந்த விஷயத்தில் என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்கிறார்.

தங்கச்சி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனின் காதைப் பரிசோதித்துப் பாருங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். பல மொழி கேட்பதால் பிள்ளையின் பேச்சு பிந்துவதில்லை. அம்மாயியின் பேச்சை நிறுத்தாதீர்கள், இப்போது அவனிடம் இருக்கிற மிகப் பெரிய சொத்து அதுதான். இனி ஒவ்வொன்றாக ஏன் என்று பார்ப்போம்.

நம் பக்கத்துக் குளிரிலும் மழையிலும் சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். மூக்கு ஒழுகுவது நின்ற பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கலாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, பிள்ளை வழமைபோல ஓடி விளையாடும். ஆனால் பேச்சு அதற்கு மங்கலாகத்தான் கேட்கும். கதவு அடித்தால் திரும்பிப் பார்ப்பான், அதனால் வீட்டில் எல்லோரும் "காது நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லிவிடுவார்கள். சத்தம் கேட்பது வேறு, சொல்லின் மெல்லிய ஒலிகள் பிரிந்து கேட்பது வேறு. பிந்திப் பேசும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மொழி கற்பதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது என்று லெனபர்க் என்ற ஆய்வாளர் 1967-ல் எழுதினார். அதன் எல்லை எது என்பதில் இன்றும் வாதம் உண்டு. ஆனால் முதல் சில வருடங்களில் மொழி கிடைக்காமல் போனால் பிறகு இலக்கணம் முழுமையாக வசப்படுவது கடினம் என்பதைச் செவிப்புலனற்ற பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அவர்களுக்குச் சைகை மொழி சீக்கிரம் கிடைத்தால் அது முழு மொழியாகவே வளர்கிறது. ஆகவே காது விஷயத்தில் "பார்ப்போம், வளரட்டும்" என்பது கூடாது.

அடுத்தது, பிந்தியிருக்கிறானா என்ற கேள்வி. பொதுவாக ஆறு, ஏழு மாதத்தில் "பபபா, தததா" என்ற மழலை, ஒரு வயதை ஒட்டி முதல் சொல், விரல் நீட்டிக் காட்டுவது, இரண்டு வயதில் "பால் தா", "மாமா போச்சு" என்று இரண்டு சொல் சேர்ப்பது என்று போகும். இரண்டு வயதில் ஐம்பது சொல்லுக்குக் குறைவாக இருந்தாலோ, சொல் சேர்க்காமல் இருந்தாலோ பிந்திப் பேசும் பிள்ளை என்று வைத்துக்கொள்வது ஆய்வாளர்களின் வழக்கம். அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் பள்ளிக்கூட வயதுக்குள் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை, அதனால்தான் இப்போதே காட்டச் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. சொன்னதை விளங்கிக்கொள்கிறான், "செருப்பை எடுத்து வா" என்றால் எடுத்து வருகிறான், வேண்டியதை விரலால் காட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். விளங்கிக்கொள்வது எப்போதும் பேச்சுக்கு முன்னால் ஓடும். விளக்கமும் சைகையும் நன்றாக இருக்கும் பிள்ளை நல்ல அத்திவாரத்தில் நிற்கிறது. மாறாக, ஒரு வயதிலும் விரல் நீட்டாத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்துபோகும் பிள்ளை என்றால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். "தண்ணி"யும் சொல்கிறான், சிங்களத்தில் "வதுர"வும் சொல்கிறான் என்றால் அது இரண்டு சொல். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் இருமொழிப் பிள்ளை எப்போதும் குறைவாகத்தான் தெரியும். மியாமியில் ஸ்பானியமும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்து பியர்சன் என்பவரின் குழு 1993-ல் காட்டியதும் இதைத்தான். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிப் பிள்ளைகளுக்கு அவர்கள் சளைத்தவர்கள் இல்லை. "குழப்பம்" என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. கர்ப்ப காலத்தில் பிலிப்பைன்ஸ் மொழியான தகாலோக், ஆங்கிலம் இரண்டும் பேசிய தாய்மாரின் சிசுக்கள் பிறந்த சில நாட்களிலேயே அந்த இரண்டு மொழிகளையும் வேறுபிரித்து அறிந்ததை 2010-ல் கனடாவின் வன்கூவரில் பதிவு செய்தார்கள். மூன்று வயதில் ஒரு பிள்ளை "நங்கியோட பொம்மை" என்று சொன்னால், சிங்களச் சொல்லுக்குத் தமிழ் உருபைச் சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்கள் நாம் நாள் முழுக்கக் கலந்துதானே பேசுகிறோம்? பிள்ளையும் அதைத்தான் செய்கிறது.

இனி அம்மாயிக்கு வருகிறேன்.

பிள்ளை பிறந்த நாளிலிருந்தே காது வேலை செய்துகொண்டிருக்கிறது. 1984-ல் வெர்க்கரும் டீஸும் ஆங்கிலச் சூழலில் வளரும் சிசுக்களுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். நமக்கு "த"வும் "ட"வும் போன்றவை அவை. ஆறு முதல் எட்டு மாதச் சிசுக்கள் வேறுபாட்டைப் பிடித்தன. ஒரு வயதை நெருங்கிய சிசுக்களுக்கு அது வரவில்லை, ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கும் தடுமாற்றம்தான். தன் வீட்டில் பயன்படாத வேறுபாடுகளை மூளை முதல் வருடத்திலேயே தள்ளிவைக்கத் தொடங்குகிறது. 1996-ல் சஃப்ரான் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: இடைவெளியே இல்லாமல் ஓடும் பொய்ச்சொற்களின் ஒலியை இரண்டு நிமிடம் கேட்ட எட்டு மாதச் சிசுக்கள், எந்த அசைக்குப் பிறகு எந்த அசை வழமையாக வருகிறது என்று பிடித்துக்கொண்டு சொல்லின் எல்லையைக் கண்டுபிடித்தன. அம்மாயி அடுப்படியில் பேசிக்கொண்டே ரொட்டி தட்டும்போது மடியில் கிடந்த பிள்ளை சும்மா கிடக்கவில்லை.

அப்படியென்றால் போனில் பாட்டும் கதையும் ஓடவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. குல் என்ற ஆய்வாளர் 2003-ல் ஒன்பது மாத அமெரிக்கச் சிசுக்களுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார். பன்னிரண்டு அமர்வுகளில் சீனம் பேசுவோர் எதிரில் உட்கார்ந்து விளையாடிப் பேசிய சிசுக்கள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றன. அதே ஆட்களை அதே அளவு நேரம் திரையில் பார்த்த சிசுக்கள் எதுவும் கற்கவில்லை. ஏன்? திரை பிள்ளைக்குப் பதில் சொல்லாது. பிள்ளை எங்கே பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. இதை வைத்து வீடியோ கோலையும் ஒதுக்கிவிடாதீர்கள். 2014-ல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் நேரடி வீடியோ அழைப்பில் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள், பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. அழைப்பில் இருப்பவர் பிள்ளைக்குப் பதில் கொடுக்கிறார், வித்தியாசம் அதில்தான். ஆகவே அப்பா கொழும்பிலிருந்து இரவில் எடுக்கும் அழைப்பு நல்ல பாடம். "சாப்பிட்டியா" என்று கேட்டு நிறுத்தாமல், பிள்ளை கையில் வைத்திருப்பதைக் காட்டச் சொல்லி அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வேலைக்குப் போன அம்மாமார் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

அம்மாயி செய்வதைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளை இஸ்தோப்பில் நின்று கூரையைக் காட்டி "காக்கா" என்கிறது. அவர் "ஆமா, காக்கா வந்திருக்கு. ரொட்டி கேக்குதா? குடுப்பமா?" என்கிறார். பிள்ளை "தா" என்கிறது. "நீயே பிச்சுப் போடு" என்கிறார். இந்தச் சின்னப் பேச்சில் உங்கள் பாடக்குறிப்பின் பாதி இருக்கிறது. இருவரும் ஒரே பொருளைப் பார்ப்பது கூட்டுக் கவனம். ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் அது தலைகாட்டுகிறது. பிள்ளை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் சொல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சொல் கூடுதலாக வருகிறது, பிள்ளையின் கவனத்தை வேறு பக்கம் இழுத்துப் பெயர் சொன்னால் அந்த அளவுக்கு வருவதில்லை என்று தொமசெல்லோவும் ஃபராரும் 1986-ல் எழுதினார்கள். அம்மாயி பிள்ளையின் ஒரு சொல்லை வாங்கி முழு வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுத்தது விரித்துச் சொல்லல். "தப்பு, இப்படிச் சொல்லு" என்று திருத்தவில்லை, சரியானதைக் காதில் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். பிறகு ஒரு சின்ன வேலை கொடுத்தார், அதற்குள் ஒரு புதிய வினைச்சொல் இருந்தது.

பந்து எறிந்து பிடிப்பதுபோல இந்தப் பேச்சு போய்வருவதுதான் முக்கியம். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, கதை கேட்கும்போது அவர்களின் மூளையையும் பார்த்த 2018 ஆய்வு ஒன்று உண்டு. பெரியவர்கள் மொத்தம் எத்தனை சொல் கொட்டினார்கள் என்பதை விட, பேச்சு எத்தனை தடவை மாறி மாறிப் போய்வந்தது என்பதே மூளையின் மொழிப்பகுதியின் செயற்பாட்டோடு ஒட்டி வந்தது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படியே. உங்களுக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்ல வேண்டுமென்றால்: ஏதாவது சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிந்திப் பேசும் பிள்ளைக்கு வாயைத் திறக்க நேரம் வேண்டும். நாம்தான் அவசரப்பட்டு அவனுடைய பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் பாடத்தில் "முப்பது மில்லியன் சொல் இடைவெளி" என்று ஒன்று வரும். கன்சாஸில் 42 குடும்பங்களைப் பார்த்து ஹார்ட், ரிஸ்லி இருவரும் 1995-ல் எழுதிய கணக்கு அது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை நான்கு வயதுக்குள் அத்தனை சொல் குறைவாகக் கேட்கிறது என்றார்கள். 2018-ல் வேறு ஆய்வாளர்கள் பல சமூகங்களில் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படி நிற்கவில்லை. தாய் பேசுவதை மட்டும் எண்ணாமல், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் பேசுவதையும், சுற்றி நடக்கும் பேச்சையும் எண்ணினால் படம் மாறிவிடுகிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளரும் பிள்ளைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று யோசியுங்கள். ஒரே வரிசையில் அத்தை, சித்தி, பெரியப்பா, பீலியடியில் அயலவர் எல்லோரும்! மெக்சிகோவில் ட்செல்டால் மொழி பேசும் மாயா கிராமத்தில் பிள்ளையை நோக்கி நேரடியாகப் பேசுவது மணிக்கு நான்கு நிமிடத்துக்கும் குறைவு என்று 2020-ல் பதிவானது. அந்தப் பிள்ளைகளும் முதல் சொல்லையும் சொல் சேர்ப்பதையும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் எட்டும் வயதில்தான் எட்டுகிறார்கள். ஆகவே தோட்டத்து வீடுகளில் மொழி இல்லை, அங்கே பிள்ளைகள் "குறையோடு" வருகிறார்கள் என்று யாராவது உங்கள் வகுப்பில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் நம்மிடம் உண்மையான பிரச்சினை ஒன்று இருக்கிறது. இலங்கையின் 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17%, தோட்டத்துறையில் சுமார் 32%. உடல் வளர்ச்சியும் மூளை வளர்ச்சியும் ஒன்றோடொன்று கட்டியவை. இதற்கு என்ன செய்யலாம் என்பதற்கு ஜமைக்காவில் ஒரு விடை கிடைத்தது. கிங்ஸ்டன் நகரில், வளர்ச்சி குன்றிய ஒன்பது முதல் இருபத்து நான்கு மாதப் பிள்ளைகள் 129 பேரை எடுத்து, சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து வீட்டில் செய்த விளையாட்டுச் சாமான்களோடு தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்து பேசி விளையாடக் காட்டுவது, சிலருக்கு இரண்டும் என்று இரண்டு வருடம் நடத்தினார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களை விட 25% கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சத்துணவு மட்டும் கிடைத்தவர்களிடம் அப்படி நிலைத்த பலன் தெரியவில்லை. சாப்பாடு தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. சாப்பாட்டோடு பேச்சும் வேண்டும் என்பதுதான். நம் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகங்களான பிள்ளைக்காம்பராக்களில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போன நேரத்தில் ஒரே ஒருவர் பல பிள்ளைகளைத் தூங்க வைத்து, ஊட்டி, துடைத்து முடிக்கவே பொழுது போய்விடுகிறது. நீங்கள் டிப்ளோமா முடித்து அப்படியொரு இடத்தில் வேலைக்குப் போனால், ஊட்டும்போதும் துடைக்கும்போதும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை முதல் வேலையாகப் பழக்குங்கள். செலவில்லாத காரியம் இது, ஆனால் ஆள் கூடுதலாக வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதும் நம் பொறுப்பு.

சரி, பாடக்குறிப்பு. பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்லியும், பாராட்டு வாங்கியும் மொழி கற்கிறது என்பது உளவியலாளர் ஸ்கின்னர் 1957-ல் சொன்னதன் சாரம். அது மட்டும் போதாது என்று சொம்ஸ்கி 1959-ல் கடுமையாக மறுத்தார். அதற்கு நம் வீட்டிலேயே சாட்சி உண்டு. பிள்ளைகள் "நானுக்குத் தா" என்பார்கள். பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அவனுக்கு, அக்காவுக்கு" என்ற விதியை எடுத்துத் தானே பொருத்திப் பார்த்திருக்கிறது பிள்ளை. இப்படி இல்லாத சொல்லுக்கும் விதியைப் பொருத்துகிறார்கள் என்பதை ஜீன் பெர்கோ 1958-ல் ஆங்கிலப் பிள்ளைகளிடம் ஒரு கற்பனைப் பறவையின் படத்தை வைத்துக் காட்டினார். பிறப்பிலேயே இலக்கணம் பதிந்திருக்கிறதா, கேட்டுக் கேட்டு உருவாகிறதா என்பது இன்னும் தீராத வாதம். கேட்பதும் பழகுவதும்தான் பெரும்பங்கு என்று நான் நினைக்கிறேன்.

பியாஜேயிடம் உங்களுக்கு இப்போது வேண்டியது பாவனை விளையாட்டு. ஒன்றரை, இரண்டு வயதில் நெருப்புப்பெட்டி ஹட்டன் பஸ் ஆகிறது, தேயிலை இலை காசு ஆகிறது. ஒன்றை இன்னொன்றுக்குப் பதிலாக நிறுத்தத் தெரிந்த மனம்தான் சொல்லையும் பொருளுக்குப் பதிலாக நிறுத்துகிறது. மகன் பஸ் ஓட்டுகிறானா என்று பாருங்கள். ஓட்டினால் அது நல்ல அறிகுறி. பிள்ளை தனக்குத்தானே பேசுவதைப் பியாஜே முதிர்ச்சியின்மையாகப் பார்த்தார். வைகொட்ஸ்கி அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் பேச்சு உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார். இந்த இடத்தில் வைகொட்ஸ்கி பக்கம்தான் சரி என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. பரீட்சைக்கு ஒரு குறிப்பு: தனியாகச் செய்ய முடியாததை ஒருவர் துணையோடு செய்யக்கூடிய அண்மை விருத்தி வலயம் வைகொட்ஸ்கியுடையது. தேவையான அளவு துணை கொடுத்துப் பிள்ளை பழகப் பழக அதை விலக்கிக்கொள்ளும் சாரக்கட்டு என்ற கருத்து அவருடையது இல்லை. அவர் 1934-லேயே இறந்துவிட்டார். வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976-ல் எழுதியது அது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நமக்குக் கிடைக்கும் வளர்ச்சி அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பிள்ளைகளை வைத்துச் செய்தவை. தமிழில் வினையின் கடைசியில் காலமும் ஆளும் ஒழுங்காக ஒட்டி வரும், காதில் தெளிவாகவும் விழும். வந்தான், வந்தா, வந்துச்சு. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு வயதை ஒட்டியே இவற்றை நன்றாகக் கையாளுகிறார்கள் என்று 1989-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆங்கிலப் பிள்ளைகளுக்கு வினை விகுதிகள் நிலைக்க மூன்று, நான்கு வயதாகும். மறுபக்கம் ர, ழ போன்ற ஒலிகள் நம் பிள்ளைகளுக்குப் பிந்தித்தான் வரும். "லயில்" என்று இரண்டு வயதில் சொன்னால் கவலை வேண்டாம்.

இனி மிஸ் சொன்னதற்கு வருவோம். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார். உங்களுக்கு ஆங்கிலம் பேசத் திணறும், அம்மாயிக்கு வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பிள்ளைக்குக் கிடைக்கப்போவது பத்துப் பதினைந்து கட்டளை வாக்கியம் மட்டும்தான். "ஏன் மழை பெய்யுது", "நேத்து யார் வந்தா", "நரி ஏன் ஏமாந்துச்சு" என்ற பேச்செல்லாம் நின்றுவிடும். கண்முன் இல்லாததைப் பற்றி, நடந்து முடிந்ததைப் பற்றி, கதையில் நடப்பதைப் பற்றிப் பேசும் பேச்சுத்தான் பிற்பாடு வாசிப்புக்கு அடிப்படை. அதைச் சரளமாகத் தரக்கூடியவர் உங்கள் வீட்டில் அம்மாயி. அவர் பேசுவது குறைபட்ட தமிழ் இல்லை. இலக்கணம் முழுதாக இருக்கிற, விடுகதையும் தாலாட்டும் காமன் கூத்துக் கதையும் உள்ள பேச்சு. எந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளையும் முதலில் வீட்டுப் பேச்சைத்தான் கற்கிறது, புத்தகத் தமிழைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்கிறது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், மதுரையிலும் அப்படித்தான். தாய்மொழியில் கல்வி தொடங்குவது நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. புதிய மொழியில் சாதாரணமாகப் பேச ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் போதும், அந்த மொழியில் பாடம் படிக்கும் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும், முதல் மொழியில் கட்டிய கருத்துகள் இரண்டாவதற்குக் கைகொடுக்கும் என்பவை ஜிம் கம்மின்ஸின் முடிவுகள்.

ஆங்கிலமும் சிங்களமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் சிங்களம் தெரியாமல் பிழைப்பது கஷ்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடட்டும், அதைவிட நல்ல சிங்கள வகுப்பு கிடையாது. முன்பள்ளியில் ஆங்கிலப் பாட்டும் விளையாட்டும் இருக்கட்டும். அங்கே முதல் சில மாதம் அவன் வாயே திறக்காமல் இருந்தாலும் பயப்பட வேண்டாம், புதிய மொழிக்குள் போகும் பல பிள்ளைகள் அப்படிக் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இதை மிஸ்ஸிடம் நீங்களே பொறுமையாகச் சொல்லிவையுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது செய்ய வேண்டியது: ஒரு கொப்பியில் அவன் சொல்லும் எல்லாச் சொற்களையும் மொழிவாரியாக எழுதுங்கள், இரண்டு சொல் சேர்த்துச் சொன்னால் அதைத் தேதியோடு தனியாக எழுதுங்கள். சுகாதாரப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு மிட்வைஃப் மிஸ்ஸிடம் "காதைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வேண்டும்" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பகலில் அவன் என்ன பேசுகிறான் என்பது அம்மாயிக்குத்தான் தெரியும், அவரையும் கூட்டிப் போங்கள். காது சரி என்று வந்து, இரண்டரை வயதிலும் சொற்களைச் சேர்க்கத் தொடங்கவில்லை என்றால், பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அங்கேயும் யாராவது ஒரு மொழியை விடச் சொன்னால், எந்த மொழியை, ஏன் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.